லென்சுல கீறல் விழுந்தா குடியா முழுகிடும்?

போன மாசம் இங்கே நியூ ஜெர்சியில் எங்க தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா. பிள்ளைங்க மேடையில் கரகாட்டம் ஆடிட்டு இருக்க, கீழே அப்பாமார்கள் ஆளுக்கொரு பீரங்கியைத் தூக்கிட்டு வரிசையா நின்னாங்க. (கேமராவைத்தான் சொல்றேன்!) நான் மட்டும் என் கேமராவில் ஒரு அடாப்டரைப் போட்டு, தாய்மாமா கொடுத்த பழைய 50 எம்எம் லென்சை மாட்டியிருந்தேன். பக்கத்தில் நின்ன நண்பர் அதை ஆசையா வாங்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தார். முகம் மாறிப்போச்சு. முன்கண்ணாடியில் அரை இஞ்ச் நீளத்துக்கு ஒரு கீறல். உள்ளே ஓரமா சிலந்தி வலை மாதிரி பூசணம்.

"என்ன சார் இது, குப்பையில போட வேண்டியதை கேமராவில மாட்டியிருக்கீங்க? இந்த ஃபங்கஸ் மத்த லென்சுக்கும் ஒட்டிக்கும் சார்"னு சொல்லிட்டு, சொறி நாயைத் தொட்ட மாதிரி கையைத் துடைச்சுக்கிட்டார்.

நல்ல மனுஷர். தேனிப் பக்கத்துக்காரர். வருஷா வருஷம் ஊருக்குப் போய் வர்றவர். பேச்சுவாக்கில், "போன லீவுல அம்மாவைப் படம் எடுத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்ல சார். அந்த 85 எம்எம் இன்னும் வாங்கல. அடுத்த தடவை போறப்போ நல்லா எடுக்கணும்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இன்னிக்கு சண்டை போட உட்கார்ந்திருக்கேன். சண்டை அவரோட மட்டும் இல்லை. 2006ல நான் இருந்த லட்சணத்தோடயும்தான். அந்தக் கதைக்குக் கடைசியில் வர்றேன். முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, ஆனா வீட்டில் தமிழ். கேரளான்னதும் உங்க கண்ணுக்கு முன்னாடி வர்ற தோணி, தென்னை, காயல் எல்லாம் எங்க பக்கம் கிடையாது. பனைமரமும் புழுதியும்தான். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கிட்ட முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துட்டு நிக்குது இல்லையா, ஆடிக்காத்து அந்தக் கணவாய் வழியா நேரா எங்க வாசலுக்குத்தான் வரும். மாமா அங்கே ஸ்டுடியோ வச்சிருந்தார். கல்ஃபிலிருந்து வந்த ஒருத்தர்கிட்ட கைமாத்தா வாங்கின பென்டாக்ஸ் கே1000, கூடவே இந்த எஃப்/2 லென்ஸ். லென்ஸ் துடைக்கத் தனித்துணி எல்லாம் கிடையாது. வேட்டி நுனிதான். புழுதியோட வேட்டி நுனியில் தேய்ச்சா என்ன ஆகும்? கீறல் விழும். விழுந்தது.

பூசணம் வந்த கதை வேற. எங்க அத்தையைக் கட்டிக் கொடுத்தது மூணாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில். அத்தை வீட்டுக்காரர் அங்கே ஃபேக்டரியில் வேலை. அந்த உறவில் எஸ்டேட் லயத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் மாமாவுக்குத்தான் ஆர்டர். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர்னு பஸ் மாறி மாறி ஏறிப் போவார். மலையில் ஜூன் பிறந்தா மழை. துவைச்ச துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது. அங்கே பத்து நாள் தோல் உறைக்குள் மூடியே கிடந்த லென்ஸ், பூசணத்தோட இறங்கி வந்தது. ஆக, பாலக்காட்டு எல்லை கீறலைக் கொடுத்தது, இடுக்கி எல்லை பூசணத்தைக் கொடுத்தது. இப்படி ரெண்டு சீக்கும் பிடிச்ச லென்சை வச்சுத்தான் மனுஷர் அப்புறமும் பல வருஷம் படம் எடுத்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் அந்தப் படங்கள் தொங்குது. எதிலாவது கீறல் தெரியுதான்னு நானும் தேடிப் பார்த்துட்டேன். தெரியலை.

ஏன் தெரியலை? இங்கேதான் நம்ம பீரங்கி அப்பாக்கள் கோட்டை விடுறாங்க.

லென்சை நாம ஜன்னல் கண்ணாடி மாதிரி நினைச்சுக்கறோம். ஜன்னல்ல கீறல் இருந்தா வெளியே தெரியற மரத்து மேல கோடு விழும். லென்ஸ் அப்படி இல்லீங்க. படத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் லென்ஸோட முழு வாயிலிருந்தும் வெளிச்சம் வந்து சேருது. கல்பாத்தித் தேர் வடத்தை நூறு பேர் இழுக்கறாங்கன்னு வைங்க. அதில் நாலு பேர் மோர் குடிக்கப் போயிட்டா தேர் நின்னுடுமா? நிக்காது. கொஞ்சம் மெதுவா போகும், அவ்வளவுதான்.

கணக்கு வேணுமா? 50 எம்எம் லென்சை எஃப்/2ல் திறந்து வச்சா வாய் 25 மில்லிமீட்டர் அகலம். தங்கமணியோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்து (கேட்டுட்டு எடுங்க!) லென்ஸ் முன்னாடி போட்டிருக்கிற ஃபில்டரில் நட்டநடுவே ஒட்டுங்க. பொட்டு 5 மில்லிமீட்டர் அகலம்னா அது மறைக்கிறது மொத்தப் பரப்பில் 4 சதவீதம். அப்படியே ஒருத்தர் முகத்தைப் படம் எடுங்க. பொட்டு படத்தில் இருக்காது. அவ்வளவு பெரிய பொட்டே தெரியலைன்னா, முடி கனத்தில் இருக்கிற கீறல் எங்கே தெரியப் போகுது? எங்க மாமா லென்ஸோட கீறலைக் கணக்கு போட்டா அரை சதவீதம்கூடத் தேறாது.

சரி, அப்போ கீறலால் ஒரு கெடுதலும் இல்லையான்னா, இருக்கு. அதை மறைச்சுட்டுப் பேசினா நானும் லென்ஸ் வியாபாரி மாதிரி ஆயிடுவேன். பொட்டு கறுப்பு, வெளிச்சத்தை முழுங்கிடும். கீறல் அப்படி முழுங்காது, சிதறடிக்கும். சூரியனோ மேடை லைட்டோ நேரா லென்ஸ் மேல அடிச்சா, சிதறின வெளிச்சம் படம் பூரா பரவி வெளுத்த மாதிரி ஆக்கிடும். அதனாலதான் பழைய ஆளுங்க ஆழமான கீறலுக்குள் குச்சி நுனியால் கறுப்பு இந்தியன் இங்க்கை நிரப்பி, மேலே வழிஞ்சதைத் துடைச்சு விடுவாங்க. சிதறடிக்கிற கீறலை முழுங்குற பொட்டா மாத்துற வித்தை இது.

ரெண்டாவது, எஃப்/16 அளவுக்கு வாயைச் சுருக்கினா அகலம் 3 மில்லிமீட்டர்தான். மூணே பேர் தேர் இழுக்கும்போது அந்த மூணு பேரும் மோர் குடிக்கப் போன கதைதான். பொட்டு இப்போ கறுப்பா, மங்கலா வந்து நிக்கும். அதனால பழுதான லென்சை எஃப்/4, எஃப்/5.6க்குப் பக்கத்தில் வச்சே எடுங்க. மூணாவது, பின்பக்கக் கண்ணாடியில் கீறல் விழுந்தா மன்னிப்பு குறைவு. அது சென்சாருக்குக் கிட்ட இருக்கு, வெளிச்சம் அந்த இடத்தில் குறுகி வருது. நாலாவது, லென்ஸ் கீழே விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ஞ்சு போயிருந்தா ஒரு பக்கம் தெளிவாவும் மறுபக்கம் கலங்கலாவும் விழும். அதுக்கு வைத்தியம் நம்ம கையில் இல்லை.

பூசணமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓரத்தில் இழை இழையா இருந்தா படத்தில் தெரியாது. கண்ணாடி பூரா படர்ந்து பால் ஊத்தின மாதிரி ஆயிட்டா கறுப்பு எல்லாம் சாம்பல் ஆயிடும். நாள்பட விட்டா அது விடுற அமிலம் கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரிச்சிடும். "ஒட்டிக்கும்"னு நண்பர் பயந்தாரே, அதுக்குப் பதில்: பூசண வித்து உங்க வீட்டுக் காத்துலயே இருக்கு. காத்தில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்னாத்தான் அது முளைக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வச்சா மாமா லென்ஸும் தூங்கும், உங்க பீரங்கியும் தூங்கும். இன்னும் பயமா இருந்தா தனி டப்பாவில் வைங்க. தோல் உறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு கோஷ்டி உண்டு. "எதுக்கு சார் இந்தத் தலைவலி, போன்ல எடுத்தா போச்சு"ன்னு சொல்றவங்க. எடுங்களேன், யார் வேண்டாம்னா? ஆனா போன் லென்ஸோட வாயே சில மில்லிமீட்டர்தான். அதில் விழுற கீறலும், வடை சாப்பிட்ட விரலால் தடவின எண்ணெயும், என் மாமா லென்சில் இருக்கிற கீறலைவிடப் பல மடங்கு கெடுதல் பண்ணும். அதைச் சட்டை நுனியில் துடைச்சுட்டுச் சந்தோஷமா எடுக்கறீங்க இல்லையா? அதே தாராள மனசை ஏன் பழைய லென்ஸ்கிட்ட காட்ட மாட்டேங்கறீங்க?

இதுக்கு நேர் எதிர் கோஷ்டியையும் விட்டு வைக்கக் கூடாது. இப்போ பழசுக்கு மவுசு வந்தாச்சு. ரஷ்யாக்காரன் செஞ்ச ஹீலியாஸ் 44னு ஒரு 58 எம்எம் லென்ஸ். முகத்துக்குப் பின்னாடி இருக்கிற இலைதழை எல்லாம் சுழல் மாதிரி சுத்தும். ஒரு காலத்தில் சீந்த ஆளில்லாம கிடந்ததை இப்போ தேடித் தேடி வாங்கறாங்க. ஒண்ணு வாங்கி, அப்புறம் அதே லென்ஸோட வேற வேற மாடல் நாலு வாங்கி, அலமாரியில் அடுக்கி, அந்த அலமாரியைப் படம் எடுத்துப் போடறாங்க. ஐயா, இதுவும் அந்த 85 எம்எம் சீக்குதான், வேற சட்டை போட்டிருக்கு, அவ்வளவுதான். ரெண்டு கோஷ்டியும் கடைக்குத்தான் போகுது. ஊருக்குப் போய் அம்மா முன்னாடி கேமராவைத் தூக்கறதில்லை.

"உங்க மாமா பெருமை போதும், பெரிய ஆளுங்க யாராவது குறையுள்ள லென்சில் எடுத்திருக்காங்களா?"ன்னு கேப்பீங்க. ஜூலியா மார்கரெட் கேமரன்னு ஒரு அம்மா. (பேரே கேமரன், என்ன பொருத்தம்!) 1815ல கல்கத்தாவில் பிறந்தவங்க. 48 வயசில் மகளும் மருமகனும் பரிசா கொடுத்த கேமராவை வச்சுப் படம் எடுக்கக் கத்துக்கிட்டாங்க. கீறல் விழுந்த லென்ஸ்னு சொல்ல மாட்டேன், ஆனா முகம் முழுக்கத் தெளிவா விழாத லென்ஸ். தகட்டில் கறை, தூசி, விரல் அடையாளம். விரிசல் விட்ட தகட்டிலிருந்துகூட அச்சுப் போட்டாங்க. லண்டனில் அந்தக் கால போட்டோ பண்டிதர்கள், "ஃபோகஸ் பண்ணவே தெரியலை"ன்னு கிழிச்சுத் தோரணம் கட்டினாங்க. 1875ல வீட்டுக்காரரோட இலங்கைக்கு வந்து, 1879ல மலையகத்திலேயே இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானாங்க. வந்த இடத்தில் அந்தம்மா எடுத்த படங்கள் கொஞ்சம்தான். அதில் இருக்கிறவங்க தோட்டத்து வேலைக்காரங்க, கிராமத்து ஜனங்க. நம்ம தமிழ் முகங்களும் அதில் உண்டு. முக்கால்வாசிப் பேரோட பெயர்கூட யாரும் எழுதி வைக்கலை, ஆனா முகம் இருக்கு. நல்ல லென்ஸ் வச்சிருந்த பண்டிதர்கள் யாரும் அவங்க முன்னாடி போய் நின்னு அந்த முகத்தை எடுத்துட்டு வரலை.

இப்போ 2006க்கு வர்றேன்.

அந்த வருஷம் மூணாறு மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிறது. நான் லீவில் வந்திருந்தேன். கையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. கிளம்பும்போது மாமா தன் கே1000ல பாதி ரோல் ஃபிலிம் இருக்கிறதோட எடுத்துக் கொடுத்து, "மாப்ளே, அத்தையை இதுல நாலு எடுத்துட்டு வா"ன்னார். லென்சைப் பார்த்தேன். அந்த நண்பர் சொன்ன அதே டயலாக்கை நானும் சொன்னேன். பாவம், பெரியவர் மனசு நோகக்கூடாதேன்னு பையில் மட்டும் போட்டுக்கிட்டேன்.

அத்தையையும் கூட்டிட்டு ஜீப் பிடிச்சுக் கோவிலூர்ப் பக்கம் போனோம். மலை பூரா நீலம். பூவை நூத்துக்கணக்கில் சுட்டுத் தள்ளினேன். அத்தை முந்தானையைச் சரி பண்ணிட்டுப் பூவுக்கு நடுவே போய் நின்னு, "என்னையும் ஒண்ணு எடு கண்ணு"ன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த கேமராவில முகம் நல்லா விழாது அத்தை. அடுத்த வருஷம் பெரிய லென்ஸ் வாங்கிட்டு வர்றேன், அப்போ ஜம்முனு எடுக்கறேன்."

அத்தை சிரிச்சுட்டு, "சரி சாமி"ன்னு இறங்கி வந்துட்டாங்க.

அடுத்த வருஷம் கிரீன் கார்டு வேலை, அதுக்கடுத்து வீடு, அதுக்கப்புறம் பெரியவன் பிறந்தான். லென்ஸ் என்னமோ வாங்கிட்டேன், ஒண்ணுக்கு மூணா. இடையில் ரெண்டு தடவை ஊருக்கு வந்தும் மலை ஏற நேரம் இல்லை. 2011ல அத்தை போய்ட்டாங்க. பதினாறாம் நாளுக்குத்தான் என்னால் வந்து சேர முடிஞ்சது. லயத்தில் முன் அறையில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏத்தி வச்சிருந்தாங்க. வேற படம் இல்லைன்னு வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிசு பண்ணியிருந்தாங்க. கட்டம் கட்டமா, கறுப்பா, கண்ணு எது மூக்கு எதுன்னு தெரியாம. அது என் அத்தைன்னு நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். ஊரெல்லாம் கல்யாணப் படம் எடுத்த மாமாவும், எடுக்கிற வேலையிலேயே இருந்து, வீட்டு ஆளைத் தனியா நிக்க வச்சு எடுத்ததே இல்லை. என் கம்ப்யூட்டரில் முந்நூறு குறிஞ்சிப் பூ இருக்கு.

மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கலை. கொழிஞ்சாம்பாறை திரும்பினதும் கேமராப் பையை எடுத்து என் மடியில் வச்சார். "வச்சுக்கோ மாப்ளே, எனக்கு இனி கண்ணு தெரியாது"ன்னார். அந்த லென்ஸ்தான் நண்பர் கையைத் துடைச்சுக்கிட்ட லென்ஸ்.

2018ல குறிஞ்சி மறுபடி பூத்தது. மூணு லென்ஸோட போகத் திட்டம் போட்டேன். ஆகஸ்டில் பெருவெள்ளம், இடுக்கி மலையில் எங்கே பார்த்தாலும் மண்சரிவு. போகவே முடியலை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிஞ்சு லயங்களை மூடி எழுபது பேர் போனாங்க. பெரும்பாலும் தமிழ் ஜனங்க, கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். மண்ணு வரும்போது வீட்டோட சுவரும் போகுது, சுவரில் மாட்டின படமும் போகுது. அந்த மாதிரி இடத்தில் வாழற உறவுக்காரங்களை வச்சுக்கிட்டு, "அடுத்த தடவை நல்லா எடுக்கணும்"னு சொல்ல நமக்கு என்ன துணிச்சல்!

வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் லீவு. அதில் ரெண்டு நாள் ஜெட்லாக், நாலு நாள் கல்யாணம், மூணு நாள் பேங்க், தாலுக்கா ஆபீஸ். மிச்சம் இருக்கிறதில் பெத்தவங்க முகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. உங்க வீட்டு அலமாரியிலயும் அப்பாவோடதோ மாமாவோடதோ ஒரு பழைய லென்ஸ் தூங்கிட்டு இருக்கும். எடைக்குப் போடாதீங்க, நீங்களா கழட்டவும் செய்யாதீங்க. ஒரு மிரர்லெஸ் கேமராவும் அதுக்கேத்த அடாப்டரும் இருந்தா போதும், 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் ஓடட்டும்'னு மெனுவில் ஒரு தட்டு தட்டணும், ஃபோகஸைக் கையால் திருப்பணும். உச்சி வெயிலில் எடுக்காதீங்க. அம்மாவைத் திண்ணையில், நிழல் விழுற இடத்தில், வாசலைப் பார்த்து உட்கார வைங்க. கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னாடி குழாய் மாதிரி மாட்டுங்க, பக்கவாட்டு வெளிச்சம் அடிக்காது. மலையில்னா மேகமே உங்களுக்கு நிழல். படம் கொஞ்சம் வெளுத்து விழுந்தா, ஊருக்குத் திரும்பினப்புறம் கம்ப்யூட்டரில் கறுப்பைக் கொஞ்சம் ஏத்திக்கலாம். அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்.

ஆண்டு விழா முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கதையைத்தான் நண்பர்கிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை. போன வாரம் போன் பண்ணி, "சார், டிசம்பர்ல போடிக்குப் போறேன். அந்தக் குப்பையைக் கொஞ்சம் கடன் கொடுப்பீங்களா?"ன்னு கேட்டார். சிலிகா ஜெல்லோட டப்பாவில் போட்டு வச்சிருக்கேன்.

பி.கு.: பொட்டு ஒட்டிப் பார்த்துட்டு, மறக்காம எடுத்துடுங்க. நான் மறந்துட்டுப் போய் எஃப்/16ல ஒரு பிறந்தநாள் விழா பூரா எடுத்தேன். தங்கமணி இன்னும் அதைப் பத்திப் பேசறதை நிறுத்தலை.